மூன்று மணிக்குப் போகவிருந்த பாஸ்வேர்ட்

திங்கட்கிழமையிலிருந்து என் மேசையில் உட்காரப் போகும் உங்கள் இருவருக்கும்,

என்னவோ ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் மாதிரி எழுதி வைத்துவிட்டுப் போகிறாளே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்கு வயது இருபத்தெட்டு. ஈப்போ ஜெலாப்பாங்கில் இந்தக் கடைவீட்டு மாடியில் ஆறு வருடம் இருந்தேன். ஒரே நாற்காலியில் ஆறு வருடம் என்பது என் குணத்துக்கு ரொம்ப அதிகம். எந்த சைட் எந்த சர்வரில் இருக்கிறது, எதை எந்த மாதம் புதுப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் தனிக் கோப்பில் இருக்கிறது. அதைப் படித்தால் வேலை தெரிந்துவிடும். அதில் எழுத முடியாத ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதி முடித்தால் எனக்கும் மனசு லேசாகும்.

லகாட் பக்கம் ஒரு கோயில் சங்கம் வரன் பதிவு நடத்துகிறது. பெயரைச் சொல்ல மாட்டேன், கோப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்து ரப்பர் தோட்டங்களை மூடியபின் ஈப்போ முழுக்கச் சிதறிப் போன குடும்பங்கள்தான் அதில் அதிகம். முதலில் ஒரு இரும்பு அலமாரியில் ஜாதகமும் போட்டோவுமாகக் கிடந்தது. பிறகு எங்கள் ஆபீசில் யாரோ ஒருவர் அதை சைட்டாக்கிக் கொடுத்துவிட்டு சிங்கப்பூர் போய்விட்டார். நான் சேர்ந்தபோது அது என் தலையில் விழுந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வது பரமேஸ் அக்கா. வாரநாளில் லகாட்டில் ஒரு டயர் கடையில் கணக்கெழுதும் கிராணி, வாரக்கடைசியில் வரன் பதிவு. நாற்பத்தைந்து வயதிருக்கும். சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார், காசு வாங்காமல் உழைப்பார்.

சேர்ந்த முதல் வாரமே நான் பார்த்தேன். பரமேஸ் அக்காவின் நிர்வாகப் பக்கத்தில் பதிந்தவர் பெயர், ராசி, படிப்பு, அப்பா பெயர், போன் நம்பர் என்று வரிசையாக வந்து, கடைசிக் கட்டத்தில் பாஸ்வேர்ட் இருந்தது. புள்ளி புள்ளியாக இல்லை. அப்படியே, படிக்கிற மாதிரி. டேட்டாபேஸிலும் அப்படியேதான் கிடந்தது. படித்துவிட்டு வந்தவள் நான், இது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆபீசில் சொன்னேன். "சின்னக் கோயில் சைட் லா. யாரு வந்து திருடப் போறா?" என்றார்கள். பரமேஸ் அக்காவிடமும் சொல்லிப் பார்த்தேன்.

"அந்தக் கட்டத்த எடுத்துட்டா நான் என்னா பண்ணுவேன்? வாரத்துக்கு இருபது பேரு போன் பண்றாங்க தங்கச்சி. பாஸ்வேர்ட் மறந்து போச்சு, பாஸ்வேர்ட் மறந்து போச்சுன்னு. நான் பாத்துத்தானே சொல்றேன்?"

சரி, பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். பிறகு பார்க்கலாம் என்ற சொல்லுக்கு எங்கள் தொழிலில் ஆயுள் கெட்டி. நாலு வருடம் போனது.

அப்புறம் ஒரு நாள் பரமேஸ் அக்காவே கூப்பிட்டார். சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் வரன் பார்க்கும் கூட்டம். பையன் வீட்டாரும் பெண் வீட்டாரும் வருவார்கள், சைட்டில் ஒருவரையொருவர் தேடுவார்கள், அத்தனை பேரும் பாஸ்வேர்ட் கேட்டு அவரைச் சுற்றி நிற்பார்கள். "எல்லாருக்கும் ஒரேயடியா மெசேஜ்ல பாஸ்வேர்ட் அனுப்ப முடியுமா? நான் ஒருத்தி எத்தன பேருக்கு வாயால சொல்றது?"

எனக்குக் கை பரபரத்தது. இது அரை நாள் வேலை. பட்டியலை எடுத்தேன், பெயரையும் போன் நம்பரையும் பாஸ்வேர்டையும் ஒரு வரியாகக் கோத்தேன், மெசேஜ் அனுப்பும் சேவையில் ஏற்றி, சனிக்கிழமை மூன்று மணிக்குப் போகும்படி வைத்தேன். அந்தச் சேவை வேறு ஒரு நிறுவனத்துடையது, கணக்கு சங்கத்தின் பெயரில் இருந்தது. உள்ளே நுழைய வேண்டுமென்றால் பரமேஸ் அக்காவின் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும், அவர் அதைப் படித்துச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலையில் அவர் சொன்னார், நான் அடித்தேன், முடிந்தது. முந்நூறுக்கு மேற்பட்ட மெசேஜ். எனக்கு அப்படி ஒரு பெருமை.

மத்தியானம் இரண்டே காலுக்கு ஆபீஸ் போன் அடித்தது. சைட்டின் அடியில் நம் நம்பர் இருக்கிறதல்லவா, அதைப் பார்த்து அடித்திருக்கிறாள். ஊர் செமோர். செமோர் பெண் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நாதஸ்வர ரெக்கார்டும் மைக் இரைச்சலும் கேட்டன. மண்டபத்திலிருந்துதான் பேசுகிறாள்.

"வரன் சைட் பாக்குறவங்களா? மூணு மணிக்கு எல்லாருக்கும் பாஸ்வேர்ட் வரும்னு மைக்ல சொன்னாங்க. அது புதுசாக்கா, இல்ல நாங்க போட்டதேவா?"

"நீங்க போட்டதேதான். மறந்தவங்களுக்கு வசதியா இருக்கும்னு."

பின்னாலிருந்த இரைச்சல் குறைந்தது, ஓரமாக நகர்ந்துவிட்டாள் போலிருக்கிறது.

"அது அப்பா போனுக்குப் போவும்."

"உங்க நம்பர் குடுக்கலையா?"

"வரன் பாரத்துல எந்தப் பொண்ணு நம்பரக்கா போடுவாங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானும் இந்த ஊர்ப் பெண்தான். என் ஜாதகம் சுற்றும்போதும் அதன் மேல் என் அப்பா நம்பர்தான் இருக்கிறது. சைட்டில் கணக்குத் திறப்பது பிள்ளைகள், ஏனென்றால் அப்பாமார்களுக்கு டைப் அடிக்க வராது. நம்பர் மட்டும் அப்பாவுடையது. ஒரே வரியில் ஒருவர் ரகசியமும் இன்னொருவர் போனும். அதை நானே கோத்து வைத்திருந்தேன்.

"என் பாஸ்வேர்ட் ஒருத்தரோட பேரு, அக்கா. பின்னாடி ஒரு தேதி. பேரப் படிச்சாலே சர்ச்சுக்குப் போற ஆளுன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிரும்."

"பின்ன ஏம்மா இதுல பதிஞ்ச?"

"நானா பதிஞ்சேன்? அப்பா பதிஞ்சாரு. நான் டைப் மட்டும்தான் பண்ணேன். பாஸ்வேர்ட் போடுன்னு கேட்டுச்சு. கோவத்துல அந்தப் பேர அடிச்சேன்." குரல் தணிந்தது. "அப்பாகிட்ட நான் சொல்லத்தான் போறேன். தீபாவளிக்கு முன்னாடி நானே சொல்றேன்னு அந்தப் பேருக்காரருகிட்டயும் சொல்லியிருக்கேன். மெசேஜ்ல போய் சேரக்கூடாதுக்கா. மூணு மணிக்கு ஒரு குடும்பம் எங்களப் பாக்க வராங்க. அவங்க எதிர்ல அப்பா போனப் பாத்தா அவரு முகம் என்னா ஆவும்?"

அவள் பயந்தது தனக்காக மட்டும் இல்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. அழவும் இல்லை.

"உன்னோடத மட்டும் மாத்திடறேன், இரு," என்றேன். வாயில் வந்துவிட்டது. பெயரைக் கேட்டுக்கொண்டு, டேட்டாபேஸைத் திறந்து அவள் வரியைத் தேடினேன். தேடும்போதுதான் அந்தக் கட்டத்தை முதல்முறையாகப் படித்தேன். நாலு வருடமாகப் பார்த்திருக்கிறேன், படித்ததில்லை. நிறையப் பேர் அடையாள அட்டை நம்பரைப் போட்டிருந்தார்கள். இடையில் ஒருவர், கல்யாணமே வேண்டாம் என்று ஆங்கில எழுத்தில் ஒரு முழு வாக்கியம். ஒருவர், செத்துப்போன யாரையோ கூப்பிடுகிற மாதிரி. ஏழெட்டுதான் படித்தேன். அதற்கு மேல் கண்ணை எடுத்துக்கொண்டேன்.

அவள் வரியை மாற்றினேன். மாற்றிய பிறகுதான் நினைவு வந்தது, இதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை. காலையில் ஏற்றியது ஒரு நகல். அது நம் சர்வரை விட்டு எப்போதோ போய்விட்டது, எவனோ ஒருவனுடைய வரிசையில் மூன்று மணிக்காகக் காத்திருக்கிறது. அதை நிறுத்த வேண்டுமென்றால் பரமேஸ் அக்காவின் போனுக்கு வரும் அந்த ஆறு இலக்கம் வேண்டும்.

என் சொந்த போனிலிருந்து அக்காவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தேன். மைக் கையில் இருக்கும்போது அவர் எங்கே போனை எடுப்பார்?

"பரமேஸ் அக்கா கிட்ட போய் உன் போனக் குடு," என்றேன் அந்தப் பெண்ணிடம்.

"ஐயோ அக்கா, அவங்களும் எங்கப்பாவும் ஒரே தோட்டம். அவங்களுக்குத் தெரிஞ்சா அப்பாவுக்குத் தெரிஞ்ச மாதிரி."

"சரி. நீ யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லாத. நான் வாரேன்."

இரண்டு இருபத்தைந்துக்குக் கார் எடுத்தேன். வழி நெடுக என்ன சொல்வது என்றுதான் யோசனை. உண்மையைச் சொன்னால் பெண் மாட்டிக்கொள்வாள். சொல்லாவிட்டால் அக்கா நிறுத்த மாட்டார், மைக்கில் வேறு அறிவித்துவிட்டார். யோசித்து யோசித்து ஒரு பொய்யைத் தயார் பண்ணினேன்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது இரண்டு நாற்பத்தாறு. பாயசக் கப்பும் கையுமாக இருநூறு பேர் இருப்பார்கள். அப்பாமார்கள் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், லாட்டரி முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி. பரமேஸ் அக்கா முன்வரிசையில் லேப்டாப்போடு இருந்தார்.

"அட, தங்கச்சியே வந்திருச்சு. பாயசம் குடிச்சியா?"

"அக்கா, மெசேஜ நிறுத்தணும். நம்பரெல்லாம் மாறிப் போச்சு, டெக்னிக்கல் பிரச்சன."

"ஒண்ணு ரெண்டு மாறினா என்னா? அப்புறம் சரி பண்ணிக்கலாம் லா. எல்லாரும் போன கையில வெச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காங்க பாரு."

"நிறையா மாறிப் போச்சுக்கா."

"காலையில சரியா இருந்துச்சுன்ன?"

என் பொய்க்கு அவ்வளவுதான் பலம். இரண்டு ஐம்பது. கூட்டத்தில் அந்தப் பெண் யார் என்று எனக்கு முகம் தெரியாது. தெரிந்தாலும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன். யார் பெயரையும் சொல்லாமல் சொல்லக்கூடிய உண்மை ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னேன்.

"அக்கா, இப்ப வரப் போறது புது பாஸ்வேர்ட் இல்ல. பிள்ளைங்க அவங்களா போட்டது. அப்படியே போவுது. அப்பாமாருங்க போனுக்கு."

பரமேஸ் அக்காவின் கை லேப்டாப் மேல் நின்றுவிட்டது.

"அதேவா? நீ புதுசா ஒண்ணு போட்டு அனுப்பறேன்னு நெனச்சனே."

"நான் அப்படி சொல்லலையேக்கா."

"நானும் கேக்கலையே." அதற்குள் போனை எடுத்துவிட்டார். "எங்க அடிக்கணும், சொல்லு, சொல்லு."

எண் வரவில்லை. இன்னொரு தடவை கேட்டோம். மண்டபத்துக்குள் லைன் சரியில்லை என்று வாசலுக்கு ஓடி, செருப்புக் குவியலுக்கு நடுவில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தார். வந்தது. அவர் படித்தார், அவர் லேப்டாப்பைக் கையில் ஏந்தி நான் அடித்தேன். ஒரு இலக்கத்தைத் தப்பாக அடித்தேன், திரும்ப அடித்தேன். மொத்தமும் ரத்து என்று திரையில் வந்தபோது மணி இரண்டு ஐம்பத்தாறு. முந்நூறும் அப்படியே நின்றது. ஒன்றுகூடப் போகவில்லை.

இரண்டு பேரும் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டோம். பரமேஸ் அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செமோர் பொண்ணு போன் பண்ணுச்சா?"

நான் என் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"சொல்லாத, சொல்லாத. நல்லது." குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பையன் பேர நான் எட்டு மாசமா வாயில அடக்கி வெச்சிருக்கேன் தெரியுமா? அந்தக் கட்டத்த தெனம் பாக்குறவ நான்தானே. எனக்குத் தெரியாம இருக்குமா?"

"அப்ப அவங்க அப்பா போன் பண்ணி பாஸ்வேர்ட் கேட்டா?"

"கேப்பாருதான். 'ஒங்க செக்ரோல் நம்பர் என்னாண்ணே'ம்பேன். தோட்டத்துல பால் வெட்டினவங்கள காலையில பெரட்டுல ஆள் கணக்கு எடுக்கறப்ப பேர் சொல்லிக் கூப்புட மாட்டாங்க, நம்பரத்தான் கூப்புடுவாங்க. பேரன் பேத்தி பேரு மறந்தாலும் அந்த நம்பர் மறக்காது. அத அந்தக் கட்டத்துல போட்டு விட்டுட்டு, 'அதான் பாஸ்வேர்ட், பாருங்க'ம்பேன். அவரு பாத்து முடிச்சதும் பிள்ள போட்டதத் திருப்பிப் போட்டுருவேன்."

"எல்லாருக்குமா?"

"எல்லா அப்பாவுக்கும் அம்மாவுக்கும்தான். எவன் பிள்ள என்னா எழுதி வெச்சிருக்குன்னு யாரு கண்டா? நான் கண்டேன், அது வேற."

இத்தனை வருடமாக அந்த அக்கா போனில் பாஸ்வேர்டை வாசிக்கிறார், இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு ஆளா என்று நான் மனசுக்குள் ஏளனம் பண்ணியிருக்கிறேன். அந்த சைட்டுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அவர் வாய்தான். அதைத்தான் நான் அரை நாளில், ரொம்ப வேகமாக, கழற்றி எறிந்திருந்தேன்.

நாங்களெல்லாம் திருடனையே நினைத்துக்கொண்டிருந்தோம். சின்ன சைட், திருடன் வரமாட்டான் என்று தைரியமாக இருந்தோம். திருடன் வரவும் இல்லை. அப்பா வந்தார். பாஸ்வேர்டைப் படிக்கிற மாதிரி வைத்திருந்தால் அது எந்தப் பக்கம் போகும் என்று வைத்தவனுக்கே தெரியாது. புத்தகத்தில் இந்தப் பாடம் வேறு மாதிரி எழுதியிருக்கும். எனக்கு அது செருப்புக் குவியலுக்கு நடுவில்தான் புரிந்தது.

உள்ளே போய் பரமேஸ் அக்கா மைக்கை எடுத்தார். "கம்ப்யூட்டர்ல கோளாறாம். இந்தத் தங்கச்சி தப்பு பண்ணிருச்சு. மெசேஜ் வராது, வேணுங்கிறவங்க எங்கிட்ட வாங்க." இருநூறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதுக்குத்தான் டிகிரி படிச்சியாம்மா?" என்றார் ஒரு மாமா. சிரிப்பு.

முன்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எனக்காகப் பரிந்துகொண்டு வந்தார். "விடுங்க லா, பாவம். நமக்கென்ன மறக்கவா போவுது? என்னோடது இருநூத்திப் பன்னண்டு. அன்னிக்கும் அதான், இன்னிக்கும் அதான்."

பரமேஸ் அக்கா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டைக்காரருக்குப் பின்னால் பச்சைப் புடவையில் நின்ற ஒரு பெண் மட்டும் பாயசக் கப்பை இரண்டு கையாலும் பிடித்தபடி, நெடுநேரம் அடக்கிய மூச்சை மெதுவாக விட்டாள்.

அடுத்த வாரமே, பாஸ்வேர்டை யாரும் படிக்க முடியாதபடி மாற்றும் அந்த வேலையைச் செய்து முடித்தேன். நாலு வருடம் தள்ளிப்போட்டது மூன்று நாளில் முடிந்தது. எப்படி என்பது கோப்பில் இருக்கிறது. பரமேஸ் அக்காவுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். பாஸ்வேர்டை அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் நாம் அரிசியை வைத்துக்கொள்வதில்லை, அரைத்த மாவைத்தான் வைக்கிறோம். பிள்ளை உள்ளே வரும்போது கொண்டுவருகிற அரிசியை அரைத்துப் பார்ப்போம், அதே மாவு வந்தால் கதவு திறக்கும். மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க யாராலும் ஆகாது. ஒரே அரிசி போட்ட இரண்டு பேருக்குக்கூட மாவு வேறு வேறாக வரும்படி ஆளுக்கு ஒரு உப்பும் சேர்த்திருக்கிறது. மறந்து போனால் புதிதாகப் போட ஒரு வழி வரும், அது கணக்கு யாருடையதோ அவர்களுடைய சொந்த போனுக்கு. பாரத்தில் அதற்கென்று தனிக் கட்டம் சேர்த்தேன். அப்பா நம்பர் அது பாட்டுக்கு மேலே இருக்கும். செய்து முடித்த கையோடு பாஸ்வேர்ட் பட்டியலின் பழைய நகல்களைத் தேடித் தேடி அழித்தேன். ஏழு இடத்தில் இருந்தது. நீங்களும் எந்த சைட்டை எடுத்தாலும் முதலில் அதைத் தேடுங்கள்.

அக்காவிடம் காட்ட டயர் கடைக்கே போனேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன்.

"அந்தக் கட்டம் எங்க?"

"இல்லக்கா. இனிமே உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"ஒனக்கும் தெரியாதா?"

"நானே நினைச்சாலும் பாக்க முடியாது."

கட்டம் இருந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "அப்பாடா. இனிமே எவன் வீட்டு விருந்துக்குப் போனாலும் நிம்மதியா ரெண்டு வாய் சாப்புடுவேன். ஒவ்வொருத்தர் மொகத்தப் பாக்கும்போதும் அவங்க பிள்ள எழுதினது கண்ணுக்கு முன்னால நிக்கும் தங்கச்சி. ஒனக்கு அந்தக் கஷ்டம் தெரியாது."

அவர் அந்தக் கட்டத்தை விரும்பி வைத்திருந்தார் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு அக்காவிடமிருந்து போன்.

"இருநூத்திப் பன்னண்டு கடைக்கு வந்தாரு. பொண்ணு பதிவ எடுத்துருங்க, எடம் அமைஞ்சிருச்சுன்னாரு."

"கோவமா இருந்தாரா?"

"மொகம் கொஞ்சம் வாடித்தான் இருந்துச்சு. ஆனா அவரேதான் வந்தாரு, டீ வாங்கிக் குடுத்தேன், குடிச்சாரு. பொண்ணு ஒக்கார வெச்சு சொல்லிருச்சாம். ரெண்டு நாள் பேசாம இருந்தாராம், அப்புறம் பையன வீட்டுக்கு வரச் சொல்லிட்டாராம்."

"நீங்க என்னாக்கா சொன்னீங்க?"

"ரிஜிஸ்டர எடுத்து வெச்சு, 'மாப்பிள்ள பேரு என்னாண்ணே'ன்னு கேட்டேன். சொன்னாரு. 'எப்படி எழுதணும்'னேன். ஒவ்வொரு எழுத்தா சொல்லிக் குடுத்தாரு, நானும் ஒவ்வொரு எழுத்தா எழுதிக்கிட்டேன்."